கம்பி இழைச் சட்டை

தையல்காரிக்குத் தம்பி என்றால் உயிர். அவன் பார்த்த வேலைதான் அவளைத் தூங்கவிடவில்லை. கோபுரங்களுக்கு நடுவே ஓடும் உயரழுத்த மின்கம்பிகளை, மின்சாரத்தை நிறுத்தாமலே பழுதுபார்க்கும் குழுவில் அவன் இருந்தான். நிறுத்தினால் ஆஸ்பத்திரியும் ரயிலும் நின்றுவிடும் என்பான்.

"அதுக்கு நீதான் கிடைச்சியா?" என்பாள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். நூலோடு மெல்லிய எஃகு இழை சேர்த்து நெய்த துணி. அது உரசி உரசி அவன் மணிக்கட்டு சிவந்து கிடந்தது. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அவன் வெளியே போன சமயம் பார்த்து, இரண்டு கை முனையிலும் உள்பக்கமாக மெத்தென்ற பருத்திப் பட்டை வைத்துத் தைத்துவிட்டாள். மின்சாரத்தைத் தடுக்கிற சட்டைதானே, தடிமனாக இருந்தால் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள், "ஒரு தடவை பார்த்துட்டா பயம் போயிடும்டா" என்று அவனோடு கிளம்பியும்விட்டாள்.

வேலி ஓரத்தில் அவளை நிறுத்தினார்கள். ஏறுவதற்கு முன் மேற்பார்வையாளர் அம்மாள் ஒரு மீட்டரை எடுத்து, ஒரு முனையை, அதே எஃகு இழைத் துணியில் செய்த தம்பியின் கையுறையிலும் மறுமுனையைத் தோளிலும் வைத்தார். 'பீப்' என்று ஒலிக்க வேண்டிய மீட்டர் வாயே திறக்கவில்லை. அவர் சட்டைக் கையை மடித்துப் பார்த்தார். வெள்ளைப் பருத்தி.

"யார் தைச்சது இதை?"

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு உடம்பே கூசிப்போனது.

"தடுக்கிறது நல்லதுதானேடா?"

"இது தடுக்கிற சட்டை இல்லக்கா, மின்சாரத்தைத் தன் மேலேயே ஓட விடுற சட்டை. மேலே போனதும் நானும் கம்பியும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துடுவோம். ஏத்த இறக்கம் இருந்தாத்தானே மின்சாரம் ஓடும்? மிச்சம் மீதி வர்றதும் துணி மேலேயே பரவிடும். கையுறையும் சட்டையும் ஒட்டாம நின்னா, நடுவுல பொறி தாவும். அதை என் கைதான் வாங்கும்."

"அப்போ அந்த நேரத்துல தரையைத் தொட்டுடக் கூடாது, அப்படித்தானே?"

"தரை, கோபுரம், எதையுமே. அதுக்குத்தான் என்னை மேலே தூக்குற இந்த வண்டிக்கு, மின்சாரம் பாயாத கண்ணாடி இழையில கை வச்சிருக்கு."

அவள் பையிலிருந்த கத்தரியை எடுத்து, வேலிக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். ஒரு நூல் விடாமல் பொறுக்கினாள். மறுபடி மீட்டரை வைத்ததும், விரல் நுனியிலிருந்து கால் வரைக்கும் வைத்த இடமெல்லாம் ஒலித்தது.

வண்டியின் நீண்ட கை தம்பியைத் தூக்கிக்கொண்டு போனது. அவன் சட்டையோடு இணைத்த ஓர் உலோகக் கோலைக் கம்பியிடம் நீட்டினான். சடசடவென்று நீலப் பொறி பறந்தது. சட்டையையும் கம்பியையும் சேர்க்கும் இணைப்பை மாட்டியதும் சத்தம் அடங்கியது. அவன் கம்பியை வெறும் கொடிக்கயிறு போலப் பிடித்துக்கொண்டு நிதானமாகத் திருகாணியை முறுக்கினான். முரட்டுப் பயல் என்று இத்தனை நாள் அவனைத் திட்டியதை நினைத்து அவள் கண் கலங்கியது. எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறான்!

அவன் இறங்கி வந்ததும் கேட்டாள்: "இணைப்பைக் கழட்டுறப்பவும் பொறி வந்துச்சே, கம்பியோட அழுத்தத்தை விட்டுட்டு வந்ததாலயா?"

தம்பி வாயைப் பிளந்தான். "உங்க அக்காவையும் குழுவுல சேர்த்துடலாம் போலிருக்கே!" என்றார் மேற்பார்வையாளர் அம்மாள்.

அந்த வாரம் அளவு கொடுக்க வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். தம்பி புராணம் முடியும்வரை கையை நீட்டியபடியே நிற்க வேண்டியிருந்தது.