பத்திரிகையில் போட்ட வேலை

கல்யாணப் பத்திரிகைக் கட்டு கைக்கு வந்ததும் மலர்க்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே மகன் இளவரசுவின் கல்யாணம் ஆயிற்றே! பிரித்துக்கூடப் பார்க்காமல் மஞ்சள் தடவி, விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கே கொண்டுபோய், கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் நீட்டிவிட்டாள். சிதம்பரம் நகராட்சியில் அவள் துப்புரவுப் பணியாளர். புருஷன் செத்த பிறகு அவன் வேலை அவளுக்குக் கிடைத்து, பதினாறு வருஷமாகத் தெருப் பெருக்குகிறாள்.

மேஸ்திரி ராஜாமணிதான் முதலில் பிரித்தார். "திருமதி மலர்க்கொடி, நகராட்சி அலுவலர்" என்று உரக்க வாசித்தார். இரண்டு பேர் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். கூடப் பெருக்குகிற பொன்னி சிரிக்கவில்லை. தன் பத்திரிகையை மலர்க்கொடியின் கையிலேயே திருப்பித் திணித்தாள்.

"எங்களோட சேந்து குப்ப அள்றது அலுவலரம்மாவுக்கு அவ்ளோ கேவலமா பூடுச்சா? நாங்க வந்தா ஒன் சம்மந்தி மூக்கப் பொத்திக்குவாங்க. வேணாம்டி, நீயே வெச்சுக்க."

மலர்க்கொடிக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அந்தப் பாழாய்ப்போன வரியை அவளே இப்போதுதான் பார்க்கிறாள் என்றால் எவள் நம்புவாள்?

"எல்லாரும் வரணும். வந்து முன்வரிசையில குந்தணும். பதில நான் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

வீட்டில் அவள் கேட்டபோது இளவரசு கொஞ்சமும் அசரவில்லை. கடலூரில் கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்தே அவனுக்கு அந்த மிதப்பு.

"பொண்ணு வூட்டுல நீ ஆபீசருன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். ஒரு நாளு வாய மூடிக்கினு இரும்மா. எம் மானத்த வாங்காத."

"தானே புயல் அடிச்சப்ப பதினஞ்சு நாளு ரோட்டுலயே கெடந்து மரத்தையும் செத்த மாட்டையும் அள்ளினனே, அப்ப ஊரே கையெடுத்துக் கும்புட்டுச்சுடா. நீ தின்ன சோறு, படிச்ச படிப்பு எல்லாம் இந்தத் தொடப்பத்துல வந்தது. ஒனக்கு மானம் போவுதா?"

"பத்திரிக அடிச்சாச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அதன் பிறகு கல்யாணம் வரைக்கும் அம்மாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முகூர்த்தத்தன்று மண்டபத்தில் பொன்னியும் மற்றவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், வேண்டாவெறுப்பாகத்தான். தாலி கட்டுமுன் பாத பூஜைக்கு ஐயர் கூப்பிட்டார். தகப்பன் இல்லாத பிள்ளை, அம்மாவின் காலைத்தான் கழுவ வேண்டும். மலர்க்கொடி எழுந்தாள். ஆனால் மேடை ஏறவில்லை.

"பத்திரிகையில ஒரு அலுவலரப் போட்டிருக்கியே, அவுங்களத் தேடிப் புடிச்சாந்து கால கழுவுடா. எங் காலு தெருக் கூட்டுறவ காலு."

பெண்ணின் அப்பா மணவாளன் விருட்டென்று எழுந்தார்.

"என்ன மாப்ள இது? எங்கள ஏமாத்துனியா?"

"மேல வாம்மா, ஒன்னக் கெஞ்சிக் கேக்கறேன்" என்று இளவரசு பல்லைக் கடித்தான். கெஞ்சுகிற குரலா அது!

மணப்பெண் தமிழ்ச்செல்வி அவன் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"அப்பா, நீ குந்து. பெத்தவளயே மறைச்சவன் நாளைக்கி இன்னும் எதெத மறைப்பானோ!" என்றவள், மைக்கை எடுத்து இளவரசுவிடம் நீட்டினாள். "இந்தா, யாரு கால கழுவப் போறேன்னு மைக்குல சொல்லு. சொன்னாதான் தாலி."

அவன் பரிதாபமாய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான். ஒருவரும் துணைக்கு வரவில்லை.

"எங்கம்மா... துப்புரவுப் பணியாளர்" என்றான். குரல் எழும்பவில்லை.

"கேக்கல!" என்றாள் பொன்னி கீழேயிருந்து.

மறுபடியும் சொன்னான், மண்டபம் முழுக்கக் கேட்டது.

மலர்க்கொடி மேடையேறித் தாம்பாளத்தில் கால் வைத்தாள். தமிழ்ச்செல்வி செம்பைத் திருப்பிக் கொடுக்க, அவன் கழுவித் துடைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, நிமிர்ந்து அவள் முகத்தைத் தேடினான். அவள் பொன்னியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.