துணைப்பாத்திரம்

வாத்தியாருக்குக் கதையை அலசுவது கைவந்த கலை. எந்தக் கதையை நீட்டினாலும் பிரித்து மேய்ந்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் இலக்கியம் நடத்துகிற மனிதர். வீட்டிலும் அதே வாய்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைச் சமையலறை மேசையில் உட்காரவைத்து, மறுநாள் தேர்வுக்காகக் கதையின் கூறுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்திரம்னா என்ன? சொல்லு."

"இங்கேயும் நிறையக் கிடக்கு. வேணும்னா வாங்க" என்றாள், தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி.

மகள் சிரித்தாள். வாத்தியாரும் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். எழுந்துபோய் ஒரு கரண்டியாவது கழுவினாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.

"மனப்பாடம் பண்ணாதே. நம்ம வீட்டையே ஒரு கதைன்னு வச்சுக்கோ. முதன்மைப் பாத்திரம் யாரு?" கேட்டுவிட்டு மீசையைத் தடவியபடி காத்திருந்தார்.

"அம்மா."

"அம்மா துணைப்பாத்திரம்மா. நல்லா யோசி."

"இல்லப்பா. எதுக்காவது ஆசைப்பட்டு, கிடைக்குமா கிடைக்காதான்னு தவிக்கிறவங்கதான் முதன்மைப் பாத்திரம்னு நீங்கதானே சொன்னீங்க? உங்களுக்கு என்னப்பா தவிப்பு? சட்டை தேய்ச்சு வச்சிருந்தாப் போதும்."

"சரிதான். அம்மாவுக்கு மட்டும் அப்படி என்ன தவிப்பாம்?"

தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அம்மாவோட ஆஸ்பத்திரியில, வேற ஊர்ல புதுசா லேப் திறக்கிறாங்கல்ல? அதுக்குத் தலைமையா அம்மாவைத்தானே கூப்பிட்டாங்க. அதான் ஆசை. குறுக்கே நிக்கிறவர்தான் எதிர்நாயகன். அது நீங்க." தேர்வில் பதில் சொல்கிற மாதிரி கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனைவி அங்கே ரத்தம் பரிசோதிக்கிறாள் என்பது தெரியும். இது தெரியவே தெரியாது.

"நானா? நான் ஒண்ணுமே பண்ணலையே! எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே!"

"சொன்னேன்" என்றாள் மனைவி. குரலை உயர்த்தவில்லை. "இதே மேசையிலதான். போகட்டுமான்னு கேட்டேன். விடைத்தாள்லேர்ந்து தலையைத் தூக்காம 'உன் இஷ்டம்'னீங்க. அப்புறம், 'நீ போயிட்டா எனக்கு யாரு சமைச்சுப் போடுவா'ன்னு சிரிச்சீங்க."

சிரித்தது ஞாபகம் இருந்தது. அவள் கேட்டதுதான் சுத்தமாக ஞாபகம் இல்லை. ஊரார் எழுதிய கதைகளில் யார் எதை மறைக்கிறார்கள் என்று ஒரு வரியில் கண்டுபிடிக்கிறவர், பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுக் கேட்டதைக் கோட்டை விட்டிருக்கிறார்.

"இப்பவே போன் போடு" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "வர்றேன்னு சொல்லு. நான் சமைச்சுக்கறேன், துவைச்சுக்கறேன். இவளையும் நான் பார்த்துக்கறேன். போடு, சொல்றேன்ல!"

"வேற ஆளைப் போட்டுட்டாங்க. நேத்து அவளை வழியனுப்பிட்டுத்தான் வந்தேன். சாயந்திரம் ஒரு துண்டு கேக் கொண்டுவந்தேனே, நல்லாருக்கு இன்னொண்ணு இருக்கான்னு கேட்டீங்களே, அது அவளுக்கு வெட்டினதுதான்."

வாத்தியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவியின் முகத்தில் கோபம் இருந்தாலாவது கெஞ்சிக் கூத்தாடியிருப்பார். கோபமும் இல்லை.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்போ இந்தக் கதைக்கு முடிவு என்னம்மா? சுபமா, சோகமா?" என்று கேட்டாள்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கதையைச் சொல்றது யாருன்னு பாரு. அப்பா சொன்னா, சுபம்."