நாற்பத்தேழாவது குழாய்

நாற்பத்தேழாம் எண் ரத்த மாதிரியை யுல்னெலி பட்டியலிலிருந்து அடித்து இருபத்திரண்டு வருடமாகிறது. இன்று காலை அது திரும்பி வந்தது.

பணி ஓய்வுக்கு மூன்று மாதம். பாடாங் ஆய்வகத்தின் பழைய உறைபெட்டியைக் காலி செய்யச் சொல்லி உதவியாளன் ஹென்ரிசாலிடம் கொடுத்திருந்தாள். அவன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எறிவதற்கு முன் எல்லாக் குழாய்களையும் புது இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறான். இரண்டு தாள்களை மேஜைமேல் வைத்தான். கதவைச் சாத்தினான். அவளை அவன் இபு, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவான்.

"இபு, இது உங்க மரபணு. இது நாப்பத்தேழு."

"ரெண்டும் ஒண்ணுதான். என்னோடது அதுல கலந்துடுச்சுன்னு அப்பவே எழுதி வெச்சிருக்கேனே."

"அப்ப படிச்சது கொஞ்சூண்டு. இப்ப முழுசாப் படிச்சிருக்கேன். ரெண்டு இடத்துல எழுத்து வேற. கலந்திருந்தா அச்சு அசலா இருக்கணும். இது உங்களோடது இல்ல இபு. அந்தம்மாவோட ரத்தமேதான்."

இந்தத் தொழிலில் முதல் பாடமே தன்னைச் சந்தேகிப்பது. குழாயைத் தொடுகிற ஒவ்வொருவரும் தன்னுடைய மரபணு எழுத்தையும் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். எதிலாவது அது தென்பட்டால் கை பட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த மாதிரியை நீக்கிவிட வேண்டியதுதான். லூபுக் பிந்தாங்கில் நாற்பத்தேழு பெண்களிடம் ரத்தம் எடுத்தாள். தாய் பிள்ளைக்குத் தருகிற மரபணு இழை நாற்பத்தாறு பேரிடம் ஒன்றாக இருந்தது. ஒருத்தியிடம் மட்டும் யுல்னெலியின் இழை. கையுறை கிழிந்திருக்கும் என்று நினைத்தாள். அடித்தாள். 'ஊர் முழுக்க ஒரே தாய் வழி' என்ற கட்டுரை அவளைப் பேராசிரியர் ஆக்கியது. ஊர்க்காரர்கள் அதை எல்லையில் பலகையாகவே நட்டார்கள். பாயகும்புவில் பிறந்த தனக்கும் அந்த மலையூர்க்காரிக்கும் என்றோ ஒரே தாய் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அன்று வரவே இல்லை. தன்னைச் சந்தேகிக்கத் தெரிந்தவளுக்கு அந்தப் பெண்ணை நம்பத் தோன்றவில்லை.

"விட்டுடுங்க இபு. பிரிவு விருந்துல ரெண்டாங் கறியைச் சாப்பிட்டுட்டுக் கிளம்பிடலாம். யாரும் தோண்டப் போறதில்ல."

"நீ தோண்டிட்டியே."

மறுநாள் லூபுக் பிந்தாங். பலகைக்குப் புதுசாக வண்ணம் அடித்திருந்தார்கள். நாற்பத்தேழாம் எண் பெண் யுஸ்னிதார் முற்றத்தில் உட்கார்ந்து கத்தியால் லவங்கப்பட்டை சுரண்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"வாங்க டாக்டர். கெட்ட ரத்தத்தைப் பாக்க வந்தீங்களா?"

"என்னது?"

"மாதிரி கெட்டுப்போச்சுன்னு நீங்கதானே கடுதாசி போட்டீங்க? ஊர்த்தலைவர் அதைக் காப்பிக்கடையில உரக்கப் படிச்சார். அன்னையிலேர்ந்து எனக்கு அதான் பேரு. பெரியவளுக்கு மாப்பிள்ளை கேட்டு வெத்தலைத் தட்டோட ரெண்டு வீடு ஏறினேன். கெட்ட ரத்தமாமேன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது வீட்டுல எவனும் காப்பிக்கடைப் பக்கம் போகமாட்டான். அதனால தப்பிச்சோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கத்தி நிற்கவில்லை.

யுல்னெலி எல்லாவற்றையும் சொன்னாள். ரத்தம் கெடவில்லை, தவறு தன்னுடையது, திருத்தம் எழுதினால் தன் கட்டுரை நிற்காது. அதையெல்லாம் வரிசையாகச் சொல்ல முடிந்தது. அடுத்ததை அந்தக் கத்தியைப் பார்த்தபடி சொன்னாள்.

"எழுதினா நீங்க இந்த ஊர்த் தாய்வழி இல்லேன்னு ஆயிடும். பேரு போடமாட்டேன். ஆனா அது யாருன்னு ஊருக்கே தெரியும். நீங்க வேண்டாம்னா எழுதமாட்டேன்."

இப்போது கத்தி நின்றது.

"அது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றாள் யுஸ்னிதார். "எங்களோடது வந்து ஒட்டின வீடு. எருமை வெட்டி, ஊரைக் கூட்டிச் சோறு போட்டு, இந்தக் குலத்துல சேர்த்தாங்க. வயலும் அப்பக் கொடுத்ததுதான். சோறு போட்டுச் சேர்த்ததை எந்த மெஷினும் பிரிக்க முடியாது. வெளிய பேசிக்கமாட்டாங்க, அவ்வளவுதான். என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். நீங்க கையை நீட்டுன்னு மட்டும்தானே சொன்னீங்க?"

யுல்னெலி அன்றைய கேள்விகளை எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தேழு பேரிடமும் வயது கேட்டாள், குலம் கேட்டாள், பிறந்த ஊர் கேட்டாள். எப்படி வந்தீர்கள் என்று ஒருத்தியிடமும் கேட்கவில்லை.

"எழுதுங்க. வந்தவள்னு சொல்லட்டும், பரவால்ல. கெட்டவள்னுதான் சொல்லக் கூடாது."

உறுதி செய்யப் புது மாதிரி வேண்டும். இந்தமுறை எச்சில் போதும். ஆனால் அரைமணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது. யுஸ்னிதாரின் மகள் கொண்டுவந்த காப்பியிலைத் தேநீர் இரண்டு சிரட்டைகளில் ஆறிக்கொண்டிருந்தது. நேரம் ஆனதும் யுல்னெலி பையைத் திறந்து குழாய்க்குக் கை நீட்டினாள். யுஸ்னிதார் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க உனி. அப்புறம் மறுபடியும் உங்களோடதுன்னு சொல்லுவீங்க."

டாக்டர் போய் உனி வந்திருந்தது. கூடப் பிறந்த அக்காவைக் கூப்பிடுகிற சொல். யுல்னெலி எழுந்தாள். காய்கிற பட்டைகளைத் தாண்டி முற்றத்தின் கடைசிவரை போய், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அங்கே யுஸ்னிதார் அவசரப்படாமல் துப்பினாள், மூடியைத் தானே திருகினாள், இன்னொரு சுற்றும் இறுக்கினாள், பிறகு குழாயை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.