சரிவில் உட்கார்ந்திருந்தவர்கள்

மகாதேவி தன் கணினியிலிருந்து இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு பேரை அழித்த மறுநாள் காலை, அவர்கள் அத்தனை பேரும் வட்டக்கானலுக்குத் திரும்பி வந்து அவளுடைய விடுதிக்கு எதிரே இருந்த புல்சரிவில் உட்கார்ந்தார்கள். அன்று செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் கடைசி வாரம். மூடுபனி வழக்கம்போலப் பத்து மணிக்கு விலகியது.

அழித்ததற்குக் காரணம் இருந்தது. நான்கு அறைகள் கொண்ட அந்த விடுதியில் தங்குகிற ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பதினோரு வருடமாக அவள் ஸ்கேன் செய்து சேமித்து வந்தாள். கணினி நிறைய நிறைய அதன் வேகம் குறைந்தது. அதோடு சேர்ந்து வீட்டின் வேகமும் குறைந்தது. காலையில் ஏற்றிய உலை மூன்று மணிக்குக் கொதித்தது. கைதவறிய டம்ளர் தரையைத் தொடுவதற்குள் துடைக்கத் துணி எடுத்து வந்துவிடலாம். வந்தவர்கள் முதலில் இதை மலையின் அமைதி என்று நினைத்துப் பாராட்டினார்கள். எட்டு மணிக்குக் குளிக்கப் போன கரூர்க்காரர் ஒருவர் இரண்டரைக்கு ஈரத்தலையோடு வெளியே வந்து, பேருந்தைத் தவறவிட்டுச் சத்தம் போட்ட பிறகுதான் அவள் நாயுடுபுரத்தில் கணினி பழுது பார்க்கும் ஆனந்தை வரவழைத்தாள்.

"பதினோரு வருசமா ஒருத்தரக் கூட வெளிய அனுப்பலியேக்கா. மூச்சு விட எடமில்லாம கெடக்கு. பழசயெல்லாம் அழிங்க, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிருங்க" என்றான் ஆனந்த்.

திங்கள் மதியம், முதல் ஆறு வருடத்தில் வந்த ஆட்களை அழித்தாள். பால் உடனே பொங்கி அடுப்பில் வழிந்தது. மறுநாள்தான் சரிவு நிறைந்தது. அடையாள அட்டையின் படத்தில் இருந்த வயதில், அதே சட்டையில், நேர்ப்பார்வையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் போனால் மட்டும் "ரூம் இருக்கா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். விசாரித்ததில், ஈரோட்டிலும் சென்னையிலும் அவரவர் வீட்டில் அவரவர் நலமாகவே இருந்தார்கள். வட்டக்கானலில் அவர்கள் கழித்த இரண்டு மூன்று நாட்கள் மட்டும்தான் சரிவுக்கு வந்திருந்தன.

ஆனந்த் போனில் விளக்கினான். அழித்தால் பெயர்தான் பட்டியலிலிருந்து போகும். ஆள் இருந்த இடத்திலேயே இருப்பார். அந்த இடத்தில் புதிதாக ஒருவரை எழுதும்போதுதான் பழையவர் போவார். அது சரியாகவே இருந்தது. அன்று காலை கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் இருவரின் அட்டையைச் சேமித்ததும் சரிவில் இருவர் குறைந்தார்கள். சீசன் முடிவதற்குள் கூட்டம் கலைந்துவிடும் என்று மகாதேவி நிம்மதியானாள்.

மதியம் அவள் கணவன் வேலப்பன் தாண்டிக்குடியிலிருந்து வந்தான். காப்பித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பை வழக்கமான இடத்தில் நிறுத்தினான். வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல், "ரூம் கிடைக்குமாங்க? ஒருத்தருக்குத்தான்" என்றான்.

"என்னங்க, வெளையாட்டா?"

"இல்லைன்னா பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு அவனும் சரிவில் போய் உட்கார்ந்தான்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஏழு வருடத்துக்கு முன் ஜீப் பெர்மிட்டுக்காக அவன் அட்டையை ஸ்கேன் செய்தபோது, அது விருந்தினர்களோடேயே போய் விழுந்திருந்தது. மற்றவர்களுக்கு வேறு ஊர் இருந்தது. வேலப்பனுக்கு வட்டக்கானலைத் தவிர வேறு நாட்கள் இல்லை. அதனால் அவன் முழுதாகவே சரிவுக்குப் போய்விட்டான்.

"அக்கா, இனி அதுல ஒரு எழுத்து எழுதாதீங்க. அடுத்து யாரு எடத்துல ஏறும்னு அதுக்கே தெரியாது. அணைக்கக்கூட வேணாம், அணைக்கையில அதுவே எதையாச்சும் எழுதும். அழிஞ்சவங்கள மீட்டு ஏத்த மதுரையில இருந்து வேற டிஸ்க் வரணும், ஆறு நாள் ஆகும்" என்றான் ஆனந்த் போனில்.

கோடை விடுமுறை தொடங்கிய வாரத்தில் வட்டக்கானலில் ஆள் ஏற்காத விடுதி அது ஒன்றுதான். வாசலில் கயிறு கட்டினாள். வந்த வண்டிகளைத் திருப்பினாள். மின்சாரம் போனால் யுபிஎஸ் போடும் கீச்சொலியை, அது நிற்கும்வரை கணினியின் பக்கத்திலேயே நின்று கேட்டாள். மணிக்கு நாலு முறை சரிவுக்குப் போய், முன்வரிசையில் ஓரமாக இருந்தவனை எண்ணிவிட்டு வந்தாள். சோறு வைத்தால், "சாப்பாடு தனியா சொல்லணுமாங்க?" என்று கேட்டான்.

ஐந்தாம் நாள் கொட்டுகிற மழையில், காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுசித்ரா என்ற பெண் கயிற்றுக்கு வெளியே நின்றாள். மகாதேவி கயிற்றை அவிழ்த்தாள். துண்டு கொடுத்தாள், வெந்நீர் வைத்தாள், எதையும் பதிய வேண்டாம் என்று தனக்கே இரண்டு முறை சொல்லிக்கொண்டாள். சுசித்ரா தானாகவே அட்டையை நீட்டினாள். பதினோரு வருடம் பழகிய கை அதை வாங்கி ஸ்கேனரில் வைத்து, சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டது.

மழையில் ஓடினாள். முன்வரிசை ஓரத்தில் வேலப்பன் இருந்தான். பக்கத்தில் இருந்த பெங்களூர்க்காரர் இல்லை. சுசித்ராவின் அட்டைக்கு அவர் இடம் மட்டும் போதவில்லை போல, வேலப்பனுக்கும் முழங்காலுக்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தது. அதன் வழியே புல் தெரிந்தது.

மறுநாள் டிஸ்க் வந்தது. திரும்பக் கிடைத்தவர்களுக்குப் பெயர் இல்லை, வரிசை எண் மட்டும்தான். மகாதேவி எழுந்திருக்காமல் ஒவ்வொரு முகமாகத் திறந்து பார்த்தாள். ஆயிரத்து அறுநூற்று நாற்பதாவது முகம் வேலப்பன். படத்தின் அடிப்பகுதி சாம்பல். "கீழ உள்ளது போனது போனதுதான்க்கா" என்று சொல்லி ஆனந்த் அதை இரண்டு இடத்தில் சேமித்தான். வெளியே வேலப்பன் எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே வந்தான்.

"ஏ புள்ள, காப்பி ஆறிக் கெடக்கு. வெரசா சுட வையி, சோலி இருக்கு."

முழங்காலுக்குக் கீழே அவன் இன்னும் சாம்பலாகத்தான் இருக்கிறான். கிளட்ச் மிதிக்க அது போதுமாக இருக்கிறது. மழைக்காலத்தில் சோலைக்காட்டுக்குள் போனால் அட்டைகள் அவனை மட்டும் கடிப்பதில்லை என்று கூட வருகிறவர்கள் பொறாமைப்படுகிறார்கள். சரிவில் மிச்சம் இருப்பவர்கள் சீசனுக்குச் சீசன் குறைகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் துணி காய்கிறது. புதிதாக யார் வந்தாலும் மகாதேவி அட்டையை வாங்கி ஸ்கேனரில் வைக்கிறாள். பிறகு ஜன்னல் வழியாக முன்வரிசை ஓரத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கிறாள். அந்த இடம் காலியாக இருந்தால்தான் பொத்தானை அழுத்துகிறாள்.