ஒட்டு விழுந்த பட்டை

...ஒரு விரல்கடை தூரம்தான், அதற்குள் என்ன குடி முழுகிவிடப்போகிறது, முழுகாது, என்று முத்துமாரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டிபன் டப்பா திறந்தபடி இருந்தது, சோறு இறங்கவில்லை. காலையில் பட்டையின் நட்டநடுவில் தையல் மிஷினின் பாபின் நூல் தீர்ந்தபோது இந்தப் பாழாய்ப்போன கை யோசித்ததா, கேட்டதா? ஒரு விரல்கடை பின்னால் இழுத்து, பழைய தையல்மேலேயே புது நூலை ஓட்டி, அதுபாட்டுக்கு முன்னே போய்விட்டது. ஸ்கூல் பை தைத்தே பழகிய கை, பைக்கு அதுதான் முறை. ரெண்டு மாசம் முன்புவரை இந்தக் கார்கானா முழுக்கப் பைதான் தைத்தது. ஆனால் பைக்குள் இருப்பது புத்தகமும் தண்ணீர் பாட்டிலும், இந்தப் பட்டை ராணுவ விமானத்தின் வயிற்றுக்குள் ஜீப்பையும் டீசல் பீப்பாயையும் இழுத்துக் கட்டப்போவது. சூப்பர்வைசர் அப்ரார் முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னான், நடுவில் நூல் தீர்ந்தால் பட்டையை ஒதுக்கி வை, வெட்டி எறிவோம், ‘ஜோட் நஹி சலேகா’, ஒட்டுப் போட்டால் ஆகாது, இழுபடும்போது அந்த இடம்தான் முதலில் விடும். தலையாட்டினாளே! தலைதான் ஆடியது, கைக்கு யார் சொன்னார்கள்? அவளுக்கு உறைத்தபோது பட்டை குவியலுக்குள் போய்விட்டிருந்தது, அதன்மேல் எத்தனையோ விழுந்துவிட்டன.

உடனே சொல்லியிருக்கலாம்... எப்படிச் சொல்வது? ஒரு ஒட்டு அகப்பட்டாலும் மொத்தச் சரக்கும் திரும்பும் என்று முதலாளி சேட் எச்சரித்திருக்கிறார், திரும்பினால் இந்த ஆர்டர் போச்சு, எல்லோரும் மறுபடி பைக்குப் போகவேண்டியதுதான், அதுவும் கிடைத்தால். அத்தனை பேர் பிழைப்பிலும் மண்ணைப் போட்டவள் முத்துமாரி என்று தாராவி முழுக்கப் பேசும். பேசட்டும், பேச்சில் யாரும் சாகமாட்டார்கள்... சாவு என்றதும் பேச்சிராஜாவின் முகம்தான் வந்து நின்றது. புருஷன் சுயம்புவின் தம்பி, விமானப்படையில் சரக்கு ஏற்றிக் கட்டுகிற வேலை, போன மாசம் லீவில் வந்தவன் போனில் படம் காட்டினான். விமானத்தின் பின்பக்கம் ஆவென்று திறக்கிறது, லாரி தானே உள்ளே ஏறிப்போகிறது, சுவரோரம் உட்கார்ந்த பையன்களின் முழங்கால் சரக்கில் இடிக்கிறது. “பூகம்பம் வந்த நாட்டுக்குக் கூடாரம், மருந்து எல்லாம் கொண்டுட்டுப் போவோம் மதினி, வாறப்ப அங்க மாட்டிக்கிட்ட நம்ம சனத்த ஏத்திட்டு வருவோம். மேல ஏறும்போது மூக்க அப்படியே தூக்கும் பாத்துக்கிடுங்க, ஒரு பட்டை விட்டுச்சுன்னா மத்தது தாங்காது, சரக்கு பூரா பின்னால சரிஞ்சிரும்.” சுயம்பு அவன் முதுகில் தட்டி, “பயப்படாதல, உன் மதினி தச்சதுல்லா,” என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள், இவள்தான் ரொம்பச் சிரித்தாள், பெருமை. சரி, இந்தப் பட்டை அவன் ஏறும் விமானத்துக்கே போகும் என்று என்ன நிச்சயம்? எந்த நாட்டுக்கோ, எந்தப் பனிமலைக்கோ... இன்னொருத்தியின் கொழுந்தன் ஏறுவதற்குப் போனால் மட்டும் பரவாயில்லையா? சீ, என்ன புத்தி இது.

வெள்ளிக்கிழமை, அப்ரார் தொழுகைக்குப் போயிருந்தான், அவன் திரும்பியதும் டெம்போ வந்துவிடும். மற்றவர்கள் வாசலில் காற்றாட உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதுதான் சமயம், தன் பட்டையை மட்டும் உருவிக் கைப்பையில் திணித்துக்கொண்டால் தீர்ந்தது, ஒன்று குறைகிறதே என்று கேட்டால் எண்ணியதில் தப்பு என்று சாதிக்கலாம். எழுந்து குவியலிடம் போய் உட்கார்ந்தாள். யார் தைத்தது என்று தெரிய ஒவ்வொருவரும் நுனியில் ஒரு கலர் நூல் முடிவார்கள், அவளுடையது மஞ்சள். நுனியைப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் கட்டைவிரலால் தையலைத் தடவிக்கொண்டே போனாள், வழவழவென்று ஓடிய விரல் ஓரிடத்தில் தட்டியது, தடிப்பு, அப்பாடா, கிடைத்துவிட்டது. நுனியைப் புரட்டினாள், சிவப்பு. சிவப்பு கோமதியம்மாளுடையதல்லவா, பக்கத்து மிஷின், ஒரு நூல் பிசிறு நின்றாலும் அடுத்தவளைத் திட்டுகிற மனுஷி! கீழே விரலை ஓட்டினாள், இன்னொரு தடிப்பு, நீலம். இன்னொன்று, பச்சை. மஞ்சளை இன்னும் காணவே காணோம்.

“என்னட்டி தேடுத?” என்று வாசலிலிருந்து கோமதியம்மாள் கேட்டாள்.

“ஒண்ணுமில்லக்கா.”

கோமதியம்மாளின் பார்வை முத்துமாரியின் மடியில் கிடந்த சிவப்பு நுனிக்கு வந்தது, விரல் நின்ற இடத்துக்கு வந்தது, அங்கேயே நின்றது. பிறகு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “சோத்தத் தின்னு, டெம்போ வந்துரும்,” என்றாள், குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. அப்படியானால் அக்காவுக்கும் தெரியும்... காலையிலிருந்து அக்காவுக்கும் சோறு இறங்கவில்லையோ? போன தடவை போன சரக்கில் எத்தனை ஒட்டு, அதற்கு முந்தியதில் எத்தனை, அவையெல்லாம் ஏற்கெனவே எந்த வானத்தில் எதைக் கட்டிக்கொண்டு பறக்கின்றன? ஒன்றை உருவி ஒளித்துவிடலாம் என்று வந்தவள் கையில் மூன்று இருந்தன, மூன்றும் அவளுடையதில்லை. சந்து முனையில் அப்ராரின் குரல் கேட்டது. இப்போது அவனிடம் வாயைத் திறப்பதென்றால் தன் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, சிவப்பையும் நீலத்தையும் பச்சையையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.