கொம்பில்லாத கடமான்

அன்று கிணற்றடியில் இருந்தவர்கள்: நான் தணிகாசலம், என் தம்பி அண்ணாதுரை, பக்கத்துக் கொல்லை ரங்கையா, வனத்துறை ஆபீசர் சந்திரசேகர், திருப்பதியிலிருந்து வந்த கால்நடை டாக்டர் அகிலா. பிச்சாட்டூரில் வேறு யார் பார்த்ததாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

சித்திரை வெயிலில் மலையில் தண்ணீர் வற்றி, கடமான் ஒன்று கீழே இறங்கி எங்கள் கிணற்றில் விழுந்து செத்திருந்தது. முந்தின நாள் முதலில் பார்த்தவன் தம்பி. எருமைக் கிடா அளவு உடம்பு. ஆண். ஆனால் தலையில் கொம்பு இல்லை. அண்ணாதுரை கிணற்றில் இறங்கி அறுத்து ஒளித்துவிட்டான் என்று பொழுது சாய்வதற்குள் ஊர் பேசிவிட்டது.

கங்கையம்மன் ஜாத்திரைக்கு முதல் கூழ்ப்பானை எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். திருட்டுப் பேர் வாங்கிய வீட்டுப் பானையை அம்மன் முன் இறக்க விடமாட்டார்கள். ஜாத்திரைக்கு ஆறு நாள்தான் இருந்தது. தம்பியைத் தனியே கூப்பிட்டேன்.

"கொம்ப எடுத்தியா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் ஆபீசரும் டாக்டரும் வந்ததும் மானைக் கயிறு கட்டி மேலே இழுத்தோம்.

"இன்னா பேரு சார் எழுதுவீங்க? நாங்க கடமான்னு சொல்றோம்," என்றேன்.

"தெலுங்குல கணிதி, இங்கிலீஷ்ல சாம்பார். மூணும் போடறேன் பெரியவரே."

ரங்கையா சிரித்தார். "பேரு மூணு இருக்குது. கொம்புதான் ஒண்ணுகூட இல்ல."

டாக்டர் மண்டியிட்டு, மானின் தலைமயிரை விலக்கினார்.

"ரம்பம் பட்ட தடமே இல்ல பாருங்க. இதுங்க வெயில் காலத்துல கொம்ப தானா உதிர்த்துடும், அப்புறம் புதுசா முளைக்கும். விழுந்த எடத்துல புண்ணு ஆறி, தோலு மூடிக்கினு வருது. பல நாள் ஆயிருக்கும்."

ஆபீசர் எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"சரிண்ணா, இந்த வருசமும் பானை உங்குளுதுதான்," என்றார் ரங்கையா.

விதிப்படி மானை எரித்து முடிக்கும்வரை வெயிலில் நின்றேன். அதன்பிறகு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை.

ஜாத்திரையன்று பானை தூக்க வேண்டியவன் தம்பி. "நீயே தூக்கிக்கினு போ," என்றான். எனக்கு எழுபத்திரண்டு வயது. கோயில் போய்ச் சேர்வதற்குள் நான்கு இடத்தில் இறக்கி வைத்தேன்.

கொம்பு விற்ற காசில் சண்டை வந்து அண்ணன் தம்பி பாகம் பிரிந்தார்கள் என்று நகரி வரை பேசுகிறார்கள். பொய். கொம்பு காட்டில் எங்கோ கிடக்கிறது. நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கொம்பை எடுத்தாயா என்று நான் கேட்டதால், ஜாத்திரைக்குப் பிறகு அவன் என்னோடு பேசுவதில்லை.