துக்கச் சாப்பாட்டுக்கு ஒரு தோள் கறி

...அதற்கும் இவளிடம்தானா வரவேண்டும், ஊரில் வேறு யார் வீட்டிலும் அடுப்பே எரியவில்லையா, சர்ச் பெண்கள் குழுவில் அத்தனை பேர் இருக்கும்போது ஓபல் எவ்வளவு சாதாரணமாகப் போனில் கேட்டுவிட்டாள், "டெலோரஸ், ஆர்லிஸ் அடக்கம் முடிஞ்சதும் எல்லாருக்கும் சாப்பாடு போடணும்ல, நீ உன் பன்றிக்கறி ரோஸ்ட்டைச் செஞ்சு கொண்டாந்துடேன், அந்த மெதுமெதுப்பு வேற யார் கைக்கும் வராது," என்று, கேட்டுவிட்டு ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டாளே, அந்த ஒரு நொடி டெலோரஸின் காதை விட்டுப் போகவேயில்லை, ஆக ஓபலுக்கும் தெரியும், அந்தச் சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரியும், இருபது வருஷமாகத் தெரிந்து வைத்துக்கொண்டே இவளிடம் கேக் செய்முறை கேட்டிருக்கிறார்கள், காலுக்கு மருந்து சொல்லியிருக்கிறார்கள்... சரி, கொண்டுவருகிறேன் என்று சொன்னது யார் குரல், இவள் குரல்தான், வேறு என்ன சொல்வது, என் புருஷனோடு இருந்தவளுக்கு நான் சமைக்க மாட்டேன் என்றா, இருபது வருஷம் சொல்லாததைப் போனிலா சொல்வது.

விடியும்போதே எழுந்து பன்றியின் தோள் கறியைத் துடைத்து, உப்பும் மிளகும் அழுத்தித் தேய்த்து, இரும்புச் சட்டியில் நாலு பக்கமும் சிவக்கப் புரட்டி, வெங்காயத்தைப் பரப்பி அதன்மேல் வைத்து, ஆப்பிள் சாறு ஊற்றி, மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கிற ஸ்லோ குக்கரில் போட்டு அதன் குமிழைக் குறைந்த சூட்டுக்குத் திருப்பியாயிற்று, இனி மூடியைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் வேலை, திறக்காமல் இருப்பதுதான் வேலை, அதில் இவளை யார் மிஞ்ச முடியும்... குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது, அதிகச் சூட்டில் அவசரமாக வெந்தால் கயிறு மாதிரி நார்நாராகப் போகும், மென்று மென்று தாடை வலிக்கட்டும் அத்தனை பேருக்கும், ஆனால் கை போகவில்லை, கெட்ட கறி போட்டாள் என்று சொல்வார்களே, ஏன் போட்டாள் என்பதும் அவர்களுக்குத் தெரியுமே. எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இதுவரை யாரும் இவளைக் கேட்டதில்லை, கேட்டால் சிரிப்பார்கள், ஒரு ஜூலை மாதம் சர்ச் புல்வெளியில் விருந்து, ஆர்லிஸ் பரிமாறிக்கொண்டிருந்தாள், எல்லோர் தட்டிலும் பீன்ஸ் வைத்தாள், இவள் புருஷன் வெர்லினின் தட்டு வந்ததும் கேட்காமலே பீன்ஸைத் தாண்டிப் போனாள், அவனுக்குப் பீன்ஸ் ஆகாது என்று அவளுக்கு யார் சொன்னது, தானியக் கிடங்கில் எடை மேடை மேசையில் உட்கார்ந்திருப்பவள், சோளம் ஏற்றிய லாரியோடு போகிறவனுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பவள், எடை போடுகிற நேரத்திலா பீன்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்... அந்த வருஷ அறுவடைக்குப் பிறகு வெர்லின் நேரத்தோடு வீடு வர ஆரம்பித்தான், ஆர்லிஸ் சர்ச்சில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள், கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை, முடிந்துவிட்டது என்று டெலோரஸும் வாயைத் திறக்கவில்லை, ஆனால் எதுவோ பெரிதாக, தனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று அந்த இரண்டு பேருக்குள் இருந்தது என்று மட்டும் தினமும் நினைத்துக்கொண்டாள், அந்தப் பெரிதை நினைத்துத்தான் அவளை வெறுத்தாள், சின்ன விஷயத்துக்கு இத்தனை வருஷம் யாரால் வெறுக்க முடியும்.

செவ்வாய்க்கிழமை சாவுச் செய்தி வந்தபோது வெர்லின் "அப்படியா" என்றான், டிவியில் வானிலை ஓடிக்கொண்டிருந்தது, மறைக்கிறான் என்று நினைத்தாள், கொட்டகைக்குப் பின்னால் போய் அழுவான், கண் சிவந்து வருவான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று நாளாக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கறுப்புக் கோட்டோடு நாற்காலியில் போட்டும் வைத்தாள், இதோ வருகிறான், கையில் கிரீஸ், நேராகக் குக்கரிடம் போய் மூடியைத் தூக்குகிறான், எத்தனை தடவை சொல்லியிருப்பாள்... ஆவி அவன் கண்ணாடியை மூடியது, "நல்ல வாசனை. எல்லாத்தையுமா கொண்டுபோற?" என்றான். இரண்டு மணிக்கு அடக்கம், சட்டை தேய்த்து வைத்திருக்கிறேன் என்றாள். "நானா? நான் எதுக்கும்மா, நீ போயிட்டு வா. மழை வர்றதுக்குள்ள கிழக்கு வயல்ல விதைப்பை முடிச்சாகணும். எனக்கு ஒரு துண்டு எடுத்து வெச்சுட்டுப் போ, ஓரத்துக் கறியாப் பாத்து." டெலோரஸுக்குத் தன் குரல் தனக்கே கேட்டது. "அவ உனக்குத் தெரிஞ்சவதானே, வெர்லின்." அவன் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தான், நிதானமாகத் துடைத்தான், அதையும் பார்த்தாள். "தெரிஞ்சவதான். இந்த ஊர்ல எல்லாரும் தெரிஞ்சவங்கதான்," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவ்வளவுதானா, அப்படியானால் இத்தனை வருஷம் இவள் எதைச் சுமந்தாள், அந்தப் பெரிது எங்கே, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் எதனிடம் தோற்றோம் என்றாவது தெரிந்திருக்குமே... கறியில் முள்கரண்டியை வைத்ததும் அழுத்தாமலே பிரிந்து விழுந்தது, இதற்கு முன் இவ்வளவு நன்றாக வந்ததேயில்லை, ஆத்திரம் வந்தது, ஆர்லிஸ் மேல் இல்லை, அதுதான் வேடிக்கை, அந்த எடை மேசையில் அவளும் யார் லாரி வருகிறது என்று எத்தனை வருஷம் எட்டிப் பார்த்தாளோ, வாடகை வீட்டில் தனியாக என்ன சமைத்துச் சாப்பிட்டாளோ, இவ்வளவு வெறுத்தவளைப் பற்றி இவளுக்கு ஒன்றுமே தெரியாது... அவனுக்கென்று ஒரு துண்டும் எடுத்து வைக்கவில்லை, மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், சட்டியைத் துண்டில் சுற்றிக் கார் முன்சீட்டில் வைத்துப் பெல்ட்டும் போட்டாள். கிழக்கு வயலை ஒட்டித்தான் ரோடு, டிராக்டர் நேர்கோட்டில் வந்துகொண்டிருந்தது, நிறுத்துவான், இப்போதாவது நிறுத்தி, சவ வண்டி போனால் செய்வதுபோலத் தொப்பியைக் கழற்றுவான் என்று டெலோரஸ் காரை மெதுவாக்கினாள், வெர்லின் திரும்பினான், யார் வண்டி போனாலும் ஸ்டீயரிங்கிலிருந்து தூக்குகிற அதே இரண்டு விரலைத் தூக்கினான், பிறகு வரப்பைப் பார்த்துக்கொண்டான். அவன் நிற்க வேண்டும் என்று இவள் காத்திருந்தது யாருக்காக, ஆர்லிஸுக்காகவா, இல்லை, அடுத்து ஒருநாள் இதே ரோட்டில் தன்னைப் பெட்டியில் கொண்டுபோகும்போதும் அந்த இரண்டு விரல்தானா... கறி ஆறிவிடும் என்று ஆக்சிலரேட்டரை மிதித்தாள்.